'நல்ல கண்டிஷன்' என்றால் போதுமா? பழைய மர நாற்காலியின் நிலையைப் பார்ப்பதும் எழுதுவதும்

"வண்டி நல்ல கண்டிஷன்ல இருக்கு" என்று ஒருவர் சொன்னதும் நாம் பணத்தை எடுத்து நீட்டிவிடுவதில்லை. இன்ஜின் பிரித்ததா, பெயின்ட் கம்பெனி பெயின்டா அல்லது பட்டி பார்த்து அடித்ததா, எங்காவது மோதியதா என்று வரிசையாகக் கேட்கிறோம். பளபளப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் சந்தேகமும் தூக்கலாகிறது. இவ்வளவு உஷாரான நாமே பழைய மர நாற்காலி ஒன்றைப் பார்த்துவிட்டால் "அடடா, எவ்வளவு பழசு, எவ்வளவு நல்லா இருக்கு" என்பதோடு நின்றுவிடுகிறோம். விற்பவரும் 'அருமையான நிலை', 'அசல் ஆன்டிக்', 'பழுதே இல்லை' என்று மூன்று சொற்றொடர்களை வைத்தே காலத்தை ஓட்டிவிடுகிறார்.

வண்டியிடம் கேட்கும் கேள்விகளைத்தான் நாற்காலியிடமும் கேட்க வேண்டும். செய்தபோது எப்படி இருந்தது? அதற்கப்புறம் என்ன நடந்தது? யார் யார் கை வைத்தார்கள்? சேதம் ஏதாவது இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா? இந்த நான்குக்கும் கிடைக்கும் பதில்தான் 'நிலை'. நாற்காலிக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது என்பதால் பதிலை மரத்திலேயே தேட வேண்டும். எங்கே, எப்படித் தேடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. விலை பக்கம் போகப்போவதில்லை.

பழமை, நிலை, மதிப்பு

பேச்சில் இந்த மூன்றும் ஒரே மூட்டையாகக் கட்டப்படுகின்றன. பழமை என்பது வயது. 100 வருடத்தைத் தாண்டிய பொருளைத்தான் பல நாடுகளின் சுங்க விதிகள் 'ஆன்டிக்' என்று ஏற்கின்றன. பாணியை வைத்து வயதைச் சொல்ல முடியாது. தாமஸ் சிப்பன்டேல் 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய மரச்சாமான் கலைஞர். அவர் பெயரால் வழங்கும் பாணியில் இன்றைக்கும் நாற்காலி செய்கிறார்கள். 'சிப்பன்டேல் நாற்காலி' என்று ஒருவர் சொன்னால் சாய்மானத்தின் வடிவம் தெரிகிறது, பிறந்த வருடம் தெரிவதில்லை.

நிலை என்பது அந்தப் பொருள் செய்யப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது. மதிப்பு ஆளுக்கு ஆள் மாறும். தினமும் உட்கார்ந்து சாப்பிட நாற்காலி தேடுபவருக்குக் கால் ஆடக்கூடாது, அவ்வளவுதான். சேகரிப்பவரோ "ஆடினால் ஆடட்டும், யாரும் சுரண்டாத மேற்பரப்பு வேண்டும்" என்பார். ஒரே நாற்காலி, ஒரே நிலை, இரண்டு மதிப்பு.

இதிலிருந்து ஒரு பழக்கம் பிறக்கிறது. கண்ணுக்குத் தெரிவதை எழுதுவது விவரிப்பு. அது நல்லதா கெட்டதா என்று சொல்வது மதிப்பீடு. "இடது முன்காலின் அடியில் 8 செ.மீ. உயரத்துக்கு வேறு மரம் ஒட்டப்பட்டிருக்கிறது" என்பது விவரிப்பு. "கால் ஒட்டுப்போட்டது, ஆனாலும் உறுதி" என்பது மதிப்பீடு. விவரிப்பை முடித்த பிறகுதான் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் 'சூப்பர்' என்று முடிவு கட்டிவிட்டு, அப்புறம் அதற்கு ஒத்துவரும் விஷயங்களை மட்டும் பார்க்கிறார்கள்.

வெட்டிய பிறகும் மரம் அசைகிறது

ஈரக்காற்று அடிக்கும் மாதங்களில் மரக்கதவு நிலையோடு பிடித்துக்கொள்ளும். காய்ந்த மாதங்களில் யாரும் தொடாமலேயே சரியாகிவிடும். மரத்தின் செல் சுவர்கள் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வீங்குகின்றன, காற்று காய்ந்தால் அதை விட்டுச் சுருங்குகின்றன. வெட்டி 200 வருடம் ஆனாலும் இது நிற்பதில்லை. வார்னிஷ் அடித்தாலும் வேகம்தான் குறையும்.

எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்கினால் ஒரு பிரச்சினையும் இருக்காது. மரம் அப்படிச் செய்வதில்லை. நார் ஓடும் திசையில், அதாவது நீளவாக்கில், பச்சை மரம் முழுக்கக் காய்ந்தாலும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் குறையும். அகலவாக்கில் நூற்றுக்கு ஐந்து, எட்டு, சில மரங்களில் பத்துப் பங்குகூடக் குறையும். வீட்டுக்குள் இருக்கும் ஒரு அடி அகலப் பலகை வருடத்துக்குள் ஓரிரு மில்லிமீட்டர் விரிந்து சுருங்குவது சாதாரணம். பழைய மரச்சாமானில் நாம் பார்க்கும் பாதிச் சேதங்களுக்குக் காரணம் இந்த ஏற்றத்தாழ்வுதான்.

வட்டமாக அறுத்த பழைய மேசைப் பலகையை டேப் வைத்து இரண்டு திசையில் அளந்து பாருங்கள். நார் ஓடும் திசையைவிடக் குறுக்குத் திசையில் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கும். கடைசல் காலும் அப்படித்தான். கடைந்த அன்று துல்லியமான வட்டம், நூறு வருடம் கழித்து லேசான முட்டை வடிவம். மேசை கச்சிதமான வட்டமாகவே இருந்தால் அதைப் போலி என்று உடனே சொல்லிவிட முடியாது. நன்றாக உலர்த்திய மரத்தில் வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கலாம். ஆனால் "200 வருடப் பழசு" என்று சொல்பவரிடம் இன்னும் நாலு கேள்வி கேட்க அது போதுமான காரணம்.

அகலமான பலகையை இரண்டு பக்கமும் அசைய முடியாமல் ஆணி அடித்துப் பூட்டிவிட்டால், சுருங்க வழியில்லாமல் நார் ஓடும் போக்கிலேயே அது பிளந்துகொள்ளும். இதைச் சுருக்க வெடிப்பு என்போம். நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் உடைசலை முறிவு என்போம். முதலாவது, மரம் தன் இயல்பில் செய்த காரியம். அது பெரும்பாலும் ஒரு எல்லைக்கு வந்ததும் நின்றுவிடும். இரண்டாவது, ஏதோ விழுந்தது, இடித்தது, அல்லது யாரோ தாங்க முடியாத பாரத்தை ஏற்றியது. அறிக்கையில் இரண்டையும் 'கிராக்' என்று ஒரே சொல்லில் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: மரம் நீளத்தில் ஏறக்குறைய மாறாது, அகலத்தில் மாறிக்கொண்டே இருக்கும். வெடிப்பைப் பார்த்ததும் அது நாரோடு போகிறதா, நாரைக் குறுக்கே வெட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆட்டம் எங்கே தொடங்குகிறது

நாற்காலியைப் போலப் பாவப்பட்ட மரச்சாமான் வேறு கிடையாது. அலமாரி ஒரு மூலையில் நிற்கிறது. நாற்காலியை இழுக்கிறார்கள், அதன்மேல் ஏறி நிற்கிறார்கள், சாப்பிட்டு முடித்ததும் பின்னங்கால் இரண்டில் மட்டும் நிற்கும்படி சாய்கிறார்கள். அப்படிச் சாயும்போது உட்கார்ந்திருப்பவரின் பாரமெல்லாம் ஒரு நெம்புகோல் போலத் திரும்பி, பக்கவாட்டு இருக்கைச் சட்டம் பின்காலோடு சேரும் அந்த இரண்டு மூட்டுகளில் போய் விழுகிறது. நாற்காலியைச் சோதிக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

அந்த மூட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் துளையும் நாக்கும். காலில் ஒரு செவ்வகத் துளை, சட்டத்தின் முனையில் அதற்குள் நுழையும் ஒரு நாக்கு, நடுவில் பசை. காலில் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது, சட்டத்தில் படுக்கைவாக்கில் ஓடுகிறது. ஆக, ஈரம் ஏறி இறங்கும்போது இரண்டும் வெவ்வேறு திசையில் வீங்கிச் சுருங்குகின்றன. ஈரத்தில் வீங்கும் நாக்கு துளைக்குள் இடமில்லாமல் நசுங்கும். காயும்போது நசுங்கிய அளவோடு இன்னும் கொஞ்சம் சிறுத்துவிடும். வருடாவருடம் இது நடக்க, பசை விட்டுப்போய் மூட்டு தளர்கிறது. யாருமே உட்காராமல் வைத்திருந்த நாற்காலியும் ஆடுவதற்கு இதுதான் காரணம்.

பழைய தச்சர்கள் பயன்படுத்தியது வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. இதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. வெந்நீரும் சூடும் பட்டால் இளகிவிடும். மூட்டைச் சேதமில்லாமல் பிரித்து, சுத்தம் செய்து, திரும்ப ஒட்டலாம். பழைய வஜ்ஜிரத்தின் மேல் புது வஜ்ஜிரம் நன்றாகவே பிடிக்கும். எபாக்ஸி போன்ற இக்காலப் பசைகள் அப்படி இளகித் தருவதில்லை. அதை ஊற்றி ஒட்டிய மூட்டு அடுத்த முறை விடும்போது மரத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் அனுபவமுள்ளவர்கள் ஆடும் நாற்காலியைக் கண்டு பதறுவதில்லை. தவறான முறையில் ஆட்டத்தை நிறுத்திய நாற்காலியைக் கண்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

சோதிப்பது எளிது. சமதளத்தில் வைத்து, ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றி, சாய்மானத்தை முன்னும் பின்னும், பிறகு மூலைக்கு மூலை மெதுவாக அசையுங்கள். வலு வேண்டியதில்லை. கண்ணை மூட்டில் வையுங்கள். மயிரிழை அளவு இடைவெளி திறந்து மூடினால் பசை விட்டுவிட்டது என்று பொருள். மூட்டுகள் அசையாமல் நாற்காலி மொத்தமாகத் தத்தளித்தால் அது தளர்ச்சி இல்லை. ஒரு கால் குட்டை, அல்லது தரை சரியில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல நாற்காலியின் காலை அறுத்து 'சரிசெய்த' புண்ணியவான்கள் நிறைய.

அடுத்து, கவிழ்த்துப் போடுங்கள். டார்ச் அடித்து இருக்கைச் சட்டத்தின் உள்மூலைகளைப் பாருங்கள். முக்கோண வடிவ மூலைக்கட்டைகள் இருக்கும். நாலில் மூன்று கருத்துப்போய், ஒன்று மட்டும் வெளிறி இருந்தால் அந்த ஒன்று பின்னால் வந்தது. மூட்டின் வெளிப்பக்கம் ஆணித்தலை தெரிகிறதா, 'எல்' வடிவ இரும்புப் பட்டை அடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆணி நாக்கைப் பிளக்கும், துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். இருக்கையைச் சுற்றித் துணியோ தோலோ போர்த்திய நாற்காலியென்றால், எத்தனை முறை துணி மாற்றினார்களோ அத்தனை வரிசை ஆணித்துளைகள் சட்டத்தில் இருக்கும். சல்லடைபோல் ஆகிவிட்ட சட்டம் அடுத்த துணியைத் தாங்குமா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லா ஆட்டமும் பசைப் பிரச்சினை இல்லை. மிகேல் தோனெட் என்பவரின் மரச்சாமான் நிறுவனம் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி 6 மரத்துண்டுகள், 10 திருகாணிகள், 2 நட்டுகள் கொண்டு ஆனது. ஆவியில் வளைத்த பீச் மரம், பிரித்து அடுக்கி அனுப்பித் திரும்பப் பூட்டும்படி வடிவமைத்தது. அந்த வகை நாற்காலி ஆடினால் முதலில் திருகாணியை முடுக்கிப் பார்க்க வேண்டும். அதில் பசையைக் கொண்டுபோய் ஊற்றுவது, செய்தவரின் யோசனையையே கெடுப்பது.

மேற்பரப்பு: அழுக்கா, அழகா, அடிபட்டதா

இந்தப் பகுதியில்தான் சண்டையே. "பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்று ஒருவர் சொல்வார். "தொடாதே, பாட்டினா போய்விடும்" என்று இன்னொருவர் அலறுவார்.

பாட்டினா என்பது காலம் மேற்பரப்பில் ஏற்றிய மொத்த மாற்றம். வெளிச்சமும் காற்றும் மரத்தின் நிறத்தை மாற்றுகின்றன. பூச்சு மெல்ல மஞ்சளாகிக் கருக்கிறது. கை படும் இடங்கள் வழவழப்பாகின்றன, செதுக்கலின் இடுக்குகளில் பழைய மெழுகும் தூசும் சேர்ந்து நிழல்போல் படிகின்றன. இதை ஒரு நாளில் உண்டாக்க முடியாது, சுரண்டினால் திரும்ப வராது. அதனால்தான் இவ்வளவு பயம். அதற்காக, போன மாதம் சிந்திய குழம்பையும் பாட்டினா என்று சொல்லிவிடக்கூடாது. மேலே ஒட்டிக்கொண்டு, துடைத்தால் போகக்கூடியது அழுக்கு. பரப்போடு ஒன்றிப்போனது பாட்டினா.

தேய்மானம் ஒரு சாட்சி மாதிரி. உட்காருபவர் காலைத் தூக்கி வைக்கும் முன் குறுக்குக் கட்டையின் மேல்பக்கம் தேயும், அடிப்பக்கம் தேயாது. கைப்பிடியின் நுனி தேயும். சாய்மானத்தின் மேல்சட்டத்தில், இழுக்கப் பிடிக்கும் இடம் தேயும். தரையில் உரசும் காலடியின் ஓரங்கள் மழுங்கும். நாற்காலியில் உட்கார்ந்து, கையும் காலும் எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டு அங்கெல்லாம் தேய்மானத்தைத் தேடுங்கள். யார் காலும் படாத இடத்தில் தேய்ந்திருந்தால், அல்லது எல்லா ஓரங்களும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால், உப்புத்தாளின் வேலையாக இருக்கலாம்.

கறைகளில் இரண்டை மட்டும் பிரித்தறிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். சூடான அல்லது ஈரமான பாத்திரம் வைத்ததால் வரும் வெள்ளை வளையம் பூச்சுக்குள்தான் இருக்கிறது. உள்ளே புகுந்த ஈரம் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெளுப்பாகத் தெரிகிறது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கருப்பு வளையம் வேறு ரகம். தண்ணீர் பூச்சைத் தாண்டி மரத்துக்குள் இறங்கி, மரத்தின் டானின் எனும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கருத்துவிட்டது. இரும்பு ஆணியைச் சுற்றித் தெரியும் கருநிறமும் இதே வினைதான். வெள்ளையைப் பெரும்பாலும் பூச்சைத் தொட்டே போக்கிவிடலாம். கருப்பைப் போக்க மரத்திலேயே கை வைக்க வேண்டும்.

பூச்சு எது என்பதும் நிலையின் பகுதி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது ஃபிரெஞ்சு பாலிஷ். 19-ஆம் நூற்றாண்டில் பரவலான முறை அது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மரச்சாமான்களில் பரவியது 1920-களில். பாலியூரித்தேன் இன்னும் பிந்தியது. கண்ணில் படாத அடிப்பக்கத்தில், பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். அரக்கு என்றால் கொஞ்ச நேரத்தில் பிசுபிசுக்கும். கடினமான பாலியூரித்தேன் அசைந்துகொடுக்காது. 1850-இல் செய்ததாகச் சொல்லப்படும் நாற்காலியில் பாலியூரித்தேன் இருந்தால் நாற்காலி பொய் என்று ஆகிவிடாது. யாரோ பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், 'அசல் பூச்சு' என்ற சொல் மட்டும் பொய். சோதனைக்கு முன் பொருளின் சொந்தக்காரரிடம் கேட்டுவிடுங்கள், அவருக்கு அது ஒரு சொட்டு ஸ்பிரிட்டாகத் தெரியாது.

பூச்சித் துளை: பழைய கதையா, இன்றைய செய்தியா

மரத்தில் துளையைப் பார்த்ததும் "பூச்சி உள்ளே போயிருக்கு" என்கிறோம். உண்மையில் அது வெளியே வந்த வழி. தாய் வண்டு வெடிப்பிலோ நுண்துளையிலோ முட்டையிடும். புழு மரத்துக்குள்ளேயே சில வருடங்கள் தின்று வளர்ந்து, வண்டாகி, துளைத்துக்கொண்டு வெளியேறும். மரச்சாமான் வண்டின் துளை சுமார் 1 முதல் 2 மி.மீ. வட்டம். ஆக, துளைகளை எண்ணினால் எத்தனை வண்டு போய்விட்டது என்று தெரியும், உள்ளே எத்தனை இருக்கிறது என்று தெரியாது.

எனவே 'பூச்சித் துளைகள் உண்டு' என்பதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். இன்னும் வேலை நடக்கிறதா என்பதே கேள்வி. புதுத் துளையின் விளிம்பு கூர்மையாக, உட்பக்கம் வெளிறிய மர நிறத்தில் இருக்கும். பழையதில் விளிம்பு மழுங்கி, உள்ளே தூசும் மெழுகும் அடைந்து கருத்திருக்கும். நாற்காலியை நன்றாகத் தட்டித் துடைத்து, அடியில் கருப்புக் காகிதம் விரித்துச் சில வாரம் அசைக்காமல் விடுங்கள். புதிதாக மாவு கொட்டியிருந்தால் ஆள் உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். முன்பே உள்ளே தங்கிய தூசும் அதிர்வில் உதிரலாம் என்பதால் முதலில் தட்டி எடுப்பது முக்கியம். மாவிலும் வித்தியாசம் உண்டு. மரச்சாமான் வண்டின் மாவு விரலில் நறநறக்கும். லிக்டஸ் என்ற இன்னொரு வண்டு வகையின் மாவு முகப்பவுடர்போல் நைசாக இருக்கும். கடுகைவிடச் சிறிய, ஆறு பட்டை கொண்ட மணிகளாக உதிர்ந்தால் அது உலர்மரக் கரையான்.

வைரம் பாய்ந்த நடுமரத்தைவிட, பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியைத்தான் பூச்சிகள் விரும்பும். அதனால் ஒரே சட்டத்தில் ஒரு ஓரம் மட்டும் உளுத்து, மற்ற ஓரம் இரும்பாக இருப்பதைப் பார்க்கலாம். ஊசி முனையால் லேசாக அழுத்தினால் உளுத்த இடம் உள்வாங்கும். பாரம் தாங்கும் மூட்டில் அப்படி உள்வாங்கினால் அது கட்டமைப்புச் சேதம். அலங்காரச் செதுக்கலில் என்றால் மேலோட்டமானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புழு பரப்பை ஒட்டித் திறந்த வாய்க்கால் போடாது, எப்போதும் மரத்துக்குள்ளேயே போகும். பரப்பில் புள்ளியாக இல்லாமல் நீள நீளமாகத் திறந்த தடங்கள் தெரிந்தால், பூச்சி தின்ற பிறகு அந்த மரத்தை யாரோ அறுத்திருக்கிறார்கள் அல்லது இழைத்திருக்கிறார்கள். பழைய உத்திரத்தையோ உடைந்த அலமாரியையோ அறுத்துச் செய்த 'பழைய' நாற்காலியை இது சுலபமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

கை வைத்தவர்கள்

100 வருடம் உழைத்த நாற்காலியில் ஒரு பழுதுபார்ப்பும் இல்லை என்றால்தான் ஆச்சரியம். பழுதுபார்த்தது குற்றமில்லை, அதைச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு. சில சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். உடைந்ததை அதே துண்டை வைத்து ஒட்டுவது பழுதுபார்ப்பு. காணாமல்போன பகுதிக்குப் புதுத் துண்டு வைப்பது மாற்றீடு. இருப்பது மேலும் கெடாமல் தடுத்துநிறுத்துவது பாதுகாப்பு. பழைய தோற்றத்துக்குத் திரும்பக் கொண்டுவர முயல்வது மீட்டமைப்பு. இரண்டு வெவ்வேறு பொருள்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியதை வியாபாரத்தில் 'கல்யாணம்' என்பார்கள். ஒன்றின் மேல்பாதி, இன்னொன்றின் கீழ்பாதி. பொருத்தம் பார்த்துச் செய்திருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். 'ரீஸ்டோர் பண்ணியது' என்ற ஒரே சொல் இவை எல்லாவற்றையும் போர்த்தி மறைத்துவிடுகிறது என்பதால் எனக்கு அந்தச் சொல்லின் மேல் நம்பிக்கை கிடையாது.

கண்டுபிடிக்க அடிப்பக்கமே நல்ல இடம். யாரும் அழகுபடுத்தாத பகுதி அது. கையால் இழுத்த ரம்பம் நேரான, ஆனால் சீரில்லாத கோடுகளை விடும். வட்ட ரம்பம் வில்போல் வளைந்த கோடுகளை விடும். அது மரச்சாமான் வேலைக்குப் பரவியது 19-ஆம் நூற்றாண்டில். திருகாணிகளும் பேசும். கூர்முனைத் திருகாணிகள் 1840-களுக்குப் பிறகே வந்தன. அதற்கு முன் முனை மொட்டையாக இருக்கும், தலையின் வெட்டு நடுவிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். கூட்டல்குறித் தலை 1930-களில் வந்தது. ஆனால் ஒரு திருகாணியை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. 1780-இல் செய்த நாற்காலிக்கு 1960-இல் ஒருவர் புதுத் திருகாணி போட்டிருக்கலாம். அந்த இடத்தில் வேறு பழைய துளை இருக்கிறதா, சுற்றியுள்ள மரம் என்ன நிறம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும்.

செட்டாக விற்கும் நாற்காலிகளில் ஒரு தனிச் சிக்கல். எடுத்து மாட்டும் இருக்கை கொண்ட நாற்காலிகளில், எந்த இருக்கை எந்தச் சட்டத்துக்கு என்று தெரிவதற்காகத் தச்சர் உளியால் ரோமன் எண்களை வெட்டி வைப்பது வழக்கம். நேர்க்கோடுகள் மட்டுமே என்பதால் உளிக்கு எளிது. இருக்கையைத் தூக்கி இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். சட்டத்தில் மூன்று, இருக்கையில் ஐந்து என்றால் எப்போதோ மாறிப்போயிருக்கிறது. அது சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஆறு நாற்காலிகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில பழைய பாகங்களை எடுத்துவிட்டுப் புதியதைச் சொருகி, எட்டு நாற்காலியாக ஆக்குவது. ஒவ்வொன்றிலும் பெரும்பகுதி பழசு என்பதால் ஒன்றை மட்டும் பார்த்தால் சந்தேகம் வராது. செட் என்றால் எல்லாவற்றையும் வரிசையாகக் கவிழ்த்து, ஒரே பாகத்தை ஒன்றோடு ஒன்று ஒப்பிட வேண்டும்.

இங்கே ஒரு நிமிடம் நின்று தொகுத்துக்கொள்வோம். எந்தச் சேதத்தைக் கண்டாலும் கேட்க வேண்டியவை மூன்று. பாரம் தாங்கும் இடமா, தோற்றம் மட்டுமா? நின்றுபோனதா, இன்னும் நடக்கிறதா? திரும்பச் சரிசெய்யக்கூடியதா, போனால் போனதுதானா?

எழுதும்போது

முதல் குழப்பம் இடது வலதில் வரும். நாற்காலிக்கு எதிரே நிற்பவருக்கு ஒரு பக்கம், உட்காருபவருக்கு மறுபக்கம். உட்காருபவரின் இடது வலது என்று வைத்துக்கொண்டு, அதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பிறகு ஒரு வரிசை: முதலில் கட்டமைப்பு, அப்புறம் பரப்பு, அப்புறம் இருக்கைத் துணி அல்லது பிரம்புப் பின்னல், கடைசியில் மாற்றங்கள். ஒவ்வொரு குறையையும் எங்கே, என்ன, எவ்வளவு பெரியது என்று எழுதினால் போதும். 'கொஞ்சம்', 'லேசாக', 'வயசுக்கு ஏற்ற மாதிரி' ஆகியவற்றை முடிந்தவரை அளவாக மாற்றுங்கள். 'வயசுக்கு ஏற்ற தேய்மானம்' என்பது முன் குறுக்குக் கட்டையின் பள்ளத்தையும் குறிக்கலாம், முறிந்த காலையும் குறிக்கலாம். பார்க்க முடியாத இடத்தையும் எழுத வேண்டும். துணி போர்த்திய சட்டத்தின் உட்பக்கம் தெரியவில்லை என்றால் 'தெரியவில்லை' என்பதே சரியான விவரிப்பு.

ஒரு மாதிரி, கற்பனை நாற்காலிக்கு:

"கைப்பிடியுள்ள நாற்காலி, பிரம்பு இருக்கை. இடது வலது, உட்காருபவரின் பக்கம். பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் வலது மூட்டு அசைத்தால் 1 மி.மீ. திறக்கிறது, இடது மூட்டு உறுதி. வலது பின் மூலைக்கட்டை மற்ற மூன்றைவிட வெளிறியது, கூட்டல்குறித் தலைத் திருகாணியால் பூட்டியது. இடது கைப்பிடி நுனியில் நார் போக்கில் 4 செ.மீ. வெடிப்பு, உள்ளே பழைய அழுக்கு. முன் குறுக்குக் கட்டையின் மேல்பக்கம் தேய்ந்து நடுவில் 3 மி.மீ. பள்ளம். பூச்சு ஸ்பிரிட்டில் இளகுகிறது. மேல்சட்டத்தின் பின்புறம் 6 செ.மீ. வெள்ளை வளையம். இடது முன்காலின் உட்பக்கம் 11 பூச்சித் துளைகள், விளிம்பு கருத்தவை, மாவு இல்லை. பிரம்புப் பின்னல் துளை வழியாகக் கையால் பின்னியது, வலது மூலையில் 5 இழைகள் அறுந்தவை."

இதில் 'நல்ல' என்ற சொல்லே இல்லை. ஆனாலும் படிப்பவர் மூன்று பேர் மூன்று முடிவுக்கு வர முடியும். உட்கார வாங்குபவர் வலது மூட்டைப் பிரித்து ஒட்டவும் பிரம்பு பின்னவும் ஆள் தேடுவார். சேகரிப்பவர் இளகும் பூச்சையும் உண்மையான தேய்மானத்தையும் பார்த்து மகிழ்வார், மூலைக்கட்டையைப் பொருட்படுத்தமாட்டார். பழுதுபார்க்கும் தச்சர், மூலைக்கட்டையும் மூட்டும் ஒரே மூலையில் இருப்பதைப் பார்த்ததும், "அங்கே முன்பே ஒரு தடவை விட்டிருக்கு" என்பார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை, ஆனால் விவரிப்பில் இருக்கிறது.

படத்தில் மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தால் முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். கவிழ்த்துப் போட்ட படம், பின்கால் மூட்டுகளின் கிட்டப்படம், காலடிகள், பக்கவாட்டிலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும் படம் ஆகியவற்றைக் கேளுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் பள்ளமும் ஒட்டுப்போட்ட விளிம்பும் தெரியும். கவிழ்த்த படம் மட்டும் எத்தனை முறை கேட்டாலும் வரவில்லை என்றால், அதையும் நிலையைப் பற்றிய ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அறிக்கையிலும் படங்களிலும் தேதி போட்டு வையுங்கள். ஈரமான பருவத்தில் இறுகியிருந்த மூட்டு காய்ந்த பருவத்தில் திறந்துகொள்ளும். 4 செ.மீ. வெடிப்பு 5 ஆகியிருக்கிறதா, 11 துளை 13 ஆகியிருக்கிறதா என்பதை அடுத்த வருடம் அளந்து பார்க்கத் தொடக்கப் புள்ளி ஒன்று வேண்டுமே.